யாகப்பன் போட்ட கையெழுத்து

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில், மருந்துக்கடை மாடியில் இருக்கும் ஆடிட்டர் சிவசங்கர் ஆபீஸில் ஒரு சாவிப் பலகை உண்டு. லாட்ஜில் ரூம் சாவி மாட்டி வைப்பார்களே, அதே பலகைதான். ஆனால் அதில் தொங்குவது சாவி இல்லை, ஊர்ப் பெரிய மனுஷர்களின் கையெழுத்து. பென்டிரைவ் போல விரல் நீளத்துக்கு ஒரு சாமான், டோக்கன் என்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் சொருகி ரகசிய எண்ணைத் தட்டினால் போதும், அந்த ஆளே நேரில் வந்து பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டதாகச் சட்டம் ஒத்துக்கொள்ளும். அப்புறம் அவரே வந்து நான் போடவில்லை என்று தலைகீழாக நின்றாலும் எடுபடாது.

உரியவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது விதி. விதி அது பாட்டுக்குக் கிடக்கும். மில்லுக்கும் குவாரிக்கும் ஓடிக்கொண்டிருக்கிற மனுஷன் ஒவ்வொரு ரிட்டனுக்கும் மாடி ஏறி வந்துகொண்டிருப்பானா? எல்லோரும் டோக்கனை ஆடிட்டரிடமே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ரகசிய எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி டோக்கன் முதுகிலேயே ஒட்டியும் வைத்திருந்தார்கள். மறந்து போய்விடக் கூடாதே!

பலகைக்குப் பொறுப்பு ரஞ்சனி. வல்லத்துப் பெண், பி.காம். படித்தவள், புருஷன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எந்தக் கையெழுத்து எப்போது காலாவதியாகிறது, யாருக்குப் புதுப்பிக்க வேண்டும், யாரைக் காமிரா முன்னால் உட்கார வைத்து ‘இன்னார் நான், என் சம்மதத்தோடுதான் வாங்குகிறேன்’ என்று சொல்ல வைக்க வேண்டும், எல்லாம் அவள் தலையில்தான். மலையைப் பார்த்த ஜன்னலை மட்டும் அவள் திறப்பதில்லை. ஒரு தடவை குரங்கு உள்ளே வந்து கல்குவாரிக்காரரின் டோக்கனை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டது. அந்த மாசம் முழுக்க அந்த ஆள் கையெழுத்து இல்லாமல் திண்டாடினார்.

அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. உரியவர் வாயால் ‘போடு’ என்று கேட்காமல் யார் கையெழுத்தையும் போடமாட்டாள். போன் போட்டு, இன்ன காகிதம், இன்ன விஷயம், போட்டுக்கவா என்று கேட்பாள். அவர்கள் ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் டோக்கனைச் சொருகுவாள். சிவசங்கருக்கு இது பிடிக்காது. “இப்படி ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கிட்டு இருந்தா பொழுது விடிஞ்சுடும்மா. போட்டு விடு” என்பார்.

அந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. இவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீனம்பாள் என்று ஓர் அம்மா ஆபீஸுக்கு வந்தாள். அண்ணன்மாரோடு ரைஸ் மில்லில் பங்குக்காரி. அவள் டோக்கன் இதே பலகையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பங்கை அவளே எழுதிக் கொடுத்ததாகக் கையெழுத்து ஆகியிருந்தது. அண்ணன்மார் சொன்னார்கள், சிவசங்கர் போட்டுவிட்டார். “நான் எப்பம்மா கையெழுத்துப் போட்டேன்?” என்று மீனம்பாள் ரஞ்சனியின் மேஜை முன்னால் வந்து நின்றாள். சத்தம்கூடப் போடவில்லை. ரஞ்சனிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்துதான் இந்தப் பழக்கம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

யாகப்பன் விஷயத்துக்கு வருவோம்.

அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம், மாதா கோயில் இருக்கிற ஓர் ஊர்க்காரர் அவர். சுற்றுப்பக்கத்து மல்லாட்டை விவசாயிகள் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கியபோது அவரைத்தான் தலைவராகப் போட்டார்கள். நிலக்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். கம்பெனிக்குப் பெரிய பெயர் ஒன்று இருந்தாலும் எல்லோருக்கும் அது மல்லாட்டைக் கம்பெனிதான். அந்த வருஷம் கம்பெனி குடோன் நிறைய விதை மல்லாட்டை கிடந்தது. ஆடிப் பட்டத்துக்கு அரசாங்கம் விதை வாங்குகிற டெண்டர் கிடைத்தால் விதை விலை. கிடைக்காவிட்டால் செக்குக்குத்தான் போகும், எண்ணெய்க்காரன் சொன்னதுதான் விலை. முந்தின வருஷம் அப்படித்தான் போயிற்று. இந்தத் தடவையும் போனால் கம்பெனியைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

டெண்டர் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். அதில் யாகப்பன் கையெழுத்து மட்டும்தான் பதிவாகியிருந்தது. வேறு டைரக்டர் கையெழுத்தை அந்த வெப்சைட் ஏற்காது. எல்லாம் தயாராக வைத்து, முளைப்புத்திறன் டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அது கடைசி நாள் காலையில்தான் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு டெண்டர் மூடிவிடும்.

பத்தரை மணி வாக்கில் நவீன் போன் செய்தான். யாகப்பனின் ஒரே மகன். இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சென்னையில் கொஞ்ச நாள் சுற்றிவிட்டு ஊருக்கு வந்து, கம்பெனி வேலையெல்லாம் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, ரிப்போர்ட் வந்துடுச்சு. வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன். டெண்டரைப் போட்டுடுங்க.”

“நைனா வரலயா தம்பி?”

“உடம்பு முடியலக்கா. படுத்துனு இருக்காரு.”

“சரி, போனை அவராண்ட குடு. ஒரு வார்த்தை சொல்லிட்டா போட்டுடறேன்.”

“தூங்குறாருக்கா” என்றான்.

“எழுந்ததும் பேசச் சொல்லு. டைம் இருக்குது” என்று சொல்லிவிட்டு ரஞ்சனி வேறு வேலையில் இறங்கினாள். ரிப்போர்ட்டை ஏற்றி, மற்றக் காகிதங்களையெல்லாம் ஒரு தடவை சரிபார்த்தாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பன்னிரண்டு மணிக்கு மேல் அவன் மறுபடியும் கூப்பிட்டான். இன்னும் தூங்குகிறார் என்றான். ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்படி இன்னா கும்பகர்ணத் தூக்கம்? ராத்திரி பூரா குடோனுக்குக் காவல் இருந்தாரா?” என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. “அக்கா, நான் சொன்னா நைனா சொன்ன மாதிரிதான. போட்டுடுங்கக்கா, ப்ளீஸ்.”

“என்னப் பத்தி உனக்குத் தெரியும். அவரு வாயால சொல்லாம நான் போடமாட்டேன். உனக்கு மட்டும் இல்ல, யாரு வந்தாலும் அப்படித்தான். எழுப்பு தம்பி, எழுப்பி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அதுக்கப்புறம் எவ்ளோ நேரம் வேணாலும் தூங்கட்டும்.”

போன் வைக்கப்பட்டது. ரஞ்சனி டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டாள். ஆடிட்டர் விழுப்புரத்தில் இருந்தார். அவருக்கு ஒரு போன் போட்டிருந்தால், போட்டுத் தொலை என்றிருப்பார். அதனாலேயே அவள் அவரைக் கூப்பிடவில்லை.

இரண்டு மணியான பிறகு அவளுக்கே உதைக்க ஆரம்பித்தது. இவளே நவீனுக்குக் கூப்பிட்டாள். “தம்பி, கடைசி நேரத்துல சர்வர் காலை வாரிடும். இப்ப பேசினாத்தான் உண்டு.”

“இருங்கக்கா. குடுக்கறேன்.”

போன் கைமாறுகிற சத்தம். தூரத்தில் மின்விசிறி ஓடுகிற சத்தம். அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற இருமல். யாகப்பன் எப்போதும் இருமுகிற இருமல்தான், பீடி இருமல்.

“ஐயா, ரஞ்சனி பேசறேன். டெண்டருக்குக் கையெழுத்துப் போட்டுக்கவா?”

“ம்… போடும்மா.”

குரல் கட்டிப்போய், அடித் தொண்டையிலிருந்து வந்தது. ரஞ்சனிக்கு ஐயோ பாவம் என்றிருந்தது. “உடம்பைப் பாத்துக்குங்க ஐயா. ரெண்டு நாள்ல வந்து பாக்கறேன்” என்றாள். டோக்கனைச் சொருகினாள், எண்ணைத் தட்டினாள், கையெழுத்து விழுந்தது. டெண்டர் போய்ச் சேர்ந்தது என்று பச்சை எழுத்தில் வந்ததும் நவீனிடம் சொன்னாள். “ஆச்சாக்கா? நிச்சயமா ஆச்சா?” என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு போனிலிருந்து வாயை எடுத்து யாரிடமோ, “ஆச்சும்மா” என்றான்.

நாலு மணிக்கு மேல் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தலைவர் யாகப்பன் சற்று முன் காலமானார்.

ரஞ்சனி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாகக் கிடக்கிற மனுஷனைப் போய் எழுப்பு எழுப்பு என்று விரட்டியிருக்கிறோமே என்று பதறினாள். கும்பகர்ணன் என்று வேறு சொன்னோமே! அன்று இரவு புருஷனிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் ரோஜா மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு அனந்தபுரம் பஸ் ஏறினாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊருக்குள் நுழையும்போதே பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கையைக் கூப்பியபடி யாகப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படம், கையெழுத்து டோக்கன் வாங்க வந்த அன்றைக்கு ரஞ்சனி ஆபீஸில் எடுத்த படம்தான்.

வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் ரோஸ்மேரி உட்கார்ந்திருந்தாள், யாகப்பனின் மனைவி. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்துல இருந்து இப்படியேதான் இருக்குது. வாய் விட்டு ஒரு மூச்சு அழுதா தேவலை” என்றாள் பக்கத்தில் இருந்த ஜெயராணி. அடுத்த வீட்டுக்காரி. இன்னொருத்தி, “புருஷன் செத்ததுக்கு இப்படியா கல்லு மாதிரி இருப்பா?” என்று கொஞ்சம் காதில் விழும்படியாகவே சொன்னாள். சாவு வீட்டில் அழுகிறவளுக்கும் கணக்கு, அழாதவளுக்கும் கணக்கு.

மாலையைப் போட்டதும் ரஞ்சனிக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. யாரம்மா நீ என்று கேட்டவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். “ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து வரேன். நேத்து அத்தனை முடியாத நேரத்துலயும் எழுந்து எங்கிட்டப் பேசினாருங்க. டெண்டருக்குக் கையெழுத்துப் போடும்மான்னாரு. நாந்தான் பாவி, எழுப்பு எழுப்புன்னு தொந்தரவு பண்ணினேன்.”

அவ்வளவுதான். அது பந்தலுக்குப் போய், தெருவுக்குப் போய், ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. ரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் தனகோட்டி எதிரே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் கம்பெனி டைரக்டர், வயசானவர். “சாவற நேரத்துலயும் நம்ம மல்லாட்டைய நெனச்சிருக்கான் பாரு யாகப்பன். உன்னாலதாம்மா அது நடந்துச்சு. எங்க ஊரே உனக்குக் கடன்பட்டிருக்குது” என்றார். அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோர் கண்ணும் கலங்கியிருந்தது. ரஞ்சனிக்கு மனசு கொஞ்சம் லேசாயிற்று.

அப்போது யாரோ அவள் முழங்கையைப் பிடித்தார்கள். ரோஸ்மேரி. “தண்ணி குடிச்சியாம்மா? வா” என்று சொல்லி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். துக்கக்காரி எழுந்து வந்தாளே என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

சமையல் அறையில் அடுப்பு எரியவில்லை. ரோஸ்மேரி கதவைச் சாத்தினாள். தண்ணீர் எடுக்கவில்லை.

“நீதான போன்ல பேசின பொண்ணு?”

“ஆமாம்மா. மன்னிச்சுடுங்கம்மா. அவருக்கு இப்படி முடியலன்னு தெரிஞ்சிருந்தா…”

“அவரு காலையில ஒம்பது மணிக்கே போயிட்டாரு” என்றாள் ரோஸ்மேரி.

ரஞ்சனிக்குப் புரியவில்லை.

“வெந்நீர் கேட்டாரு. நான் வெச்சு எடுத்துனு வரதுக்குள்ள தல சாஞ்சிடுச்சு. நான் கத்தப் போனேன். நவீன் என் வாயப் பொத்திட்டான். மூணு மணி வரைக்கும் அழாதம்மான்னு கால்ல விழுந்தான். நைனா உயிரோட இருந்தாத்தான் கையெழுத்து செல்லும், வெளியில தெரிஞ்சா அத்தன பேரு வெள்ளாமையும் போயிடும்னான். கதவச் சாத்திட்டு உக்காந்திருந்தோம். ஜெயராணி கஞ்சி எடுத்துனு வந்தா, தூங்குறாருன்னு திருப்பி அனுப்பினேன். ஒரு மெழுகுவத்தி ஏத்தல. ஒரு செபம் சத்தமா சொல்லல. வெயில் காலம் வேற, ஃபேன ஓட விட்டு ஈ ஓட்டினு உக்காந்திருந்தேன்.”

“அப்ப… எங்கிட்ட பேசினது?”

“அவன் குரல் உனக்குத் தெரியுமாம். அதனால என்னப் பேசச் சொன்னான். நைனா மாதிரி இருமிட்டுப் பேசும்மான்னான். எனக்கு வருமாடான்னு கேட்டேன். முப்பத்தஞ்சு வருசமா பக்கத்துல படுத்துக் கேட்ட இருமல். வந்துடுச்சு.”

ரஞ்சனியின் காதில் அந்த இருமல் கேட்டது. எத்தனை நேரம் இவள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்! அத்தனை நேரமும் இந்த அம்மா அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். சிவசங்கர் மாதிரி கேட்காமல் கொள்ளாமல் பத்தரை மணிக்கே போட்டுத் தொலைத்திருந்தால், இந்த அம்மா அப்போதே கதறி அழுதிருப்பாள். செத்தவன் குரலில் பேச வேண்டிய கொடுமை வந்திருக்காது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நின்று, யாரும் யாருக்கும் செய்யாததைச் செய்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

“ஆச்சும்மா, இனிமே அழுன்னு நவீன் சொன்னான். அழலாம்னு பாத்தேன். வரல. இன்னும் வரல” என்றாள் ரோஸ்மேரி. மகன் மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை. “அவனையும் சொல்லக் கூடாது. அப்பப்ப கொல்லப்பக்கம் போய் வாயில துண்ட அடச்சுக்கினு அழுதுட்டு வந்தான். நான் அங்ககூடப் போவல. நானும் போயிட்டா அவரு தனியா இருப்பாரே.”

ரஞ்சனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழ வேண்டியவள் அவளைத் தட்டிக் கொடுத்தாள்.

“உன்ன ஒண்ணு கேக்கத்தான் கூட்டியாந்தேன். நீ சொன்னத ஊரே பேசிக்கினு இருக்குது. மாதா கோயில் சாமியாரு பூசையில அதச் சொல்லப் போறாராம். கடைசி மூச்சுலயும் ஊருக்காகக் கையெழுத்துப் போட்டாருன்னு. வேணாம்மா. அது அவரு சொன்ன வார்த்தை இல்ல. என் வாயில வந்த பொய். பீடத்துக்கு முன்னால அத அவரு பேருல சொல்லக் கூடாது. சாவறவங்களுக்குப் பூசற அவஸ்தை எண்ணெய்கூட அவருக்குப் பூசல, பாவசங்கீர்த்தனம் இல்லாம போயிட்டாரு. பொய்யும் கூடப் போவணுமா? நான் சொன்னா எம் புள்ளையக் காட்டிக் குடுத்தவளா ஆயிடுவேன். நீ எதுனா சொல்லி நிறுத்திடு. காதுல சரியா விழலன்னு சொன்னாக்கூடப் போதும்.”

கேட்டது அவ்வளவுதான். உண்மையைச் சொல் என்றுகூடக் கேட்கவில்லை.

“நான் பாத்துக்கறேம்மா. நிச்சயமா அதச் சொல்ல விடமாட்டேன்” என்றாள் ரஞ்சனி. அப்போது மனசார, சத்தியமாகத்தான் சொன்னாள்.

வெளியே வந்தபோது சிவசங்கர் கார் வந்து நின்றிருந்தது. மாலை போட்டுவிட்டு வந்து, ரஞ்சனியைப் பந்தல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “கையெழுத்துல ரெண்டே காலுன்னு நேரம் விழுந்திருக்கு. இவரு போனது நாலு மணிதானே? நல்ல வேளைம்மா. முன்னாடியே போயிருந்தாருன்னா டெண்டரும் போச்சு, கம்பெனியக் கருப்புப் பட்டியல்ல போட்டுடுவான். உன்னையும் என்னையும் உள்ள தூக்கி வெச்சிருவான். டோக்கனச் சொருகினது உன் கை இல்ல?” அவர் ஏதும் தெரிந்து சொல்லவில்லை. வழக்கமாகப் பேசுகிற பேச்சுதான். போட்ட கையெழுத்தை அழிக்கிற வித்தை உலகத்தில் எந்த ஆபீஸிலும் கிடையாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இனிமேல் அந்த டோக்கனை ரத்து செய்யலாம். நேற்று விழுந்தது விழுந்ததுதான்.

சாமியார் பைக்கில் வந்து இறங்கினார். இளவயசுக்காரர், அந்த மாதா கோயில் பங்குக்குப் புதிதாக வந்தவர். உடல் மேல் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு வாசலுக்கு வந்ததும் தனகோட்டி அவரிடம் ரஞ்சனியைக் காட்டினார். “இந்தப் பொண்ணுதான் சாமி.”

பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஐஸ் பெட்டியை எடுப்பதற்காக வாசற்படிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ரோஸ்மேரி நின்றாள், கை எட்டுகிற தூரம்தான். நவீன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு நாள் தாடி, சிவந்த கண். அவன் ரஞ்சனியைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. இவள் வாயிலிருந்து என்ன வந்தாலும் சரி என்கிற மாதிரி நின்றான். அம்மா இவளை உள்ளே கூட்டிப் போனதை அவன் பார்த்திருந்தான்.

“நீங்கதான் அவரோட கடைசியாப் பேசினதாச் சொல்றாங்க” என்றார் சாமியார். “பிரசங்கத்துல சொல்லலாம்னு இருக்கேன். நாலு பேருக்கு நல்ல முன்மாதிரி. தப்பாச் சொல்லிடக் கூடாதேன்னு கேக்கறேன். உங்க காதால கேட்டீங்களா? அவரேதானா?”

காதில் சரியாக விழவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு ரஞ்சனி வாயைத் திறந்தாள். சரியாக விழாமலா கையெழுத்துப் போட்டாய் என்று யாராவது திருப்பிக் கேட்டால்? பக்கத்தில் சிவசங்கர் நிற்கிறார். அப்புறம் ஒரு கேள்வியிலிருந்து இன்னொரு கேள்வி வரும். எத்தனை மணிக்கு, எந்தப் போனில், கூட யார் இருந்தது. தனகோட்டி மறுபடியும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வேட்டியும் லுங்கியுமாக, குடோனில் மூட்டை போட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். ரோஸ்மேரி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா சாமி” என்றாள் ரஞ்சனி. “அவரேதான். போடும்மான்னு தெளிவா சொன்னாரு.”

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. சாமியார் தலையை அசைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ரோஸ்மேரி அழுதாள். முதலில் அது அழுகை மாதிரியே இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். அப்புறம் பெட்டி மேல் குப்புற விழுந்து, கண்ணாடியைக் கையால் அறைந்து அறைந்து, “எஞ்சாமி, எஞ்சாமி, உன்னத் தனியா விட்டுட்டாங்களே” என்று கதறினாள். முந்தின நாள் காலையிலிருந்து தொண்டையில் நின்றதெல்லாம் வந்தது. தூக்க வந்த நாலு பெண்களாலும் அவளைப் பெட்டியிலிருந்து பிரிக்க முடியவில்லை. நவீன் ஓடிவந்து அம்மாவைக் கட்டிப் பிடித்தான். அவள் அவனையும் அடித்தாள்.

“அழட்டும், அழட்டும், விடுங்க” என்றாள் ஜெயராணி, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “கடைசி வார்த்தையச் சொன்னதும் அடக்க முடியல பாவம். இனிமே பயமில்ல.” கல்லு என்று சொன்னவளும் மூக்கைச் சிந்தினாள்.

ரஞ்சனி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. போய் அந்த அம்மாவின் தோளைத் தொடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள், போகவில்லை. கோயிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. பெட்டியைத் தூக்கினார்கள். யாரோ ஒரு பெண் தட்டில் பேப்பர் கப்புகளோடு வந்து, “ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, எடுத்துக்குங்கக்கா” என்று நீட்டினாள். ரஞ்சனி காபியை வாங்கி, ஆறுவதற்குள் குடித்தாள்.